பத்து அனிமே, ஒரு நோட்டு: ஓராண்டு பார்த்ததை வரிசைப்படுத்திய அனுபவம்

கடந்த ஆண்டு பத்து அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர்களை முழுதாகப் பார்த்து முடித்தேன். மொத்தம் 358 எபிசோட்கள். ஒன்றுக்கு 24 நிமிடம் என்று வைத்தால் ஏறத்தாழ 143 மணி நேரம், அதாவது இரவு பகல் சேர்த்து முழு ஆறு நாள். ஒவ்வொரு தொடர் முடிந்த அன்றும் ஒரு நோட்டில் பெயர், தேதி, பத்துக்கு எத்தனை மதிப்பெண், ஏன் என்று இரண்டு வரி, இவற்றை எழுதி வைத்தேன். ஆண்டுக் கடைசியில் அந்த நோட்டைப் புரட்டி ஒரு தரவரிசை போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது.

நானே போட்ட மதிப்பெண்களை என்னாலேயே ஒப்புக்கொள்ள முடியவில்லை. பத்துக்குப் பத்து கொடுத்திருந்த தொடரின் நடுப்பகுதி எனக்கு நினைவிலேயே இல்லை. ஆறு கொடுத்திருந்த தொடரோ, பனி, மழை, ஆற்றங்கரை என்று எதைப் பார்த்தாலும் மனதில் வந்து நின்றது. அந்த ஆறு மதிப்பெண் தொடர் ‘முஷிஷி’. இப்போது என் பட்டியலில் அதுதான் முதலிடம். ஆறிலிருந்து முதலிடத்துக்கு அது எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்ற இடங்களும் புரியும்.

ஆண்டின் தொடக்கத்தில் காலில் எலும்பு முறிந்து இரண்டு வாரம் படுக்கையில் இருந்தேன். அந்த நாட்களில் மூன்று தொடர்களைப் பார்த்துத் தீர்த்தேன். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’ 64 எபிசோட்கள், எட்டு நாளில். ‘கௌபாய் பீபாப்’ 26 எபிசோட்கள், மூன்று நாளில். கடைசியாக ‘முஷிஷி’ 26 எபிசோட்கள், இரண்டே நாளில். முஷிஷி பற்றி நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: “எல்லா எபிசோடும் ஒரே மாதிரி. ஒருவன் ஓர் ஊருக்கு வருகிறான், ஒரு விசித்திர நோயைப் பார்க்கிறான், போய்விடுகிறான். படம் அழகு. தூக்கம் வருகிறது. 6.”

இதைத் தொலைபேசியில் தங்கையிடம் சொன்னபோது அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “அக்கா, நீ முஷிஷியைப் பாத்தியா, இல்ல ஓட்டி விட்டியா? ஒரு நாளைக்குப் பதிமூணு எபிசோட் பாத்தா எதுதான்க்கா மனசுல நிக்கும்?”

எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. சில மாதம் கழித்து, கால் சரியான பிறகு, முஷிஷியை மறுபடி எடுத்தேன். இந்த முறை இரவுக்கு ஒரு எபிசோட் மட்டும். முடிந்ததும் அடுத்ததைத் தொடக் கூடாது, விளக்கை அணைத்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். 26 இரவுகள் ஆயின.

முஷிஷி 2005 அக்டோபரில் தொடங்கியது. யூகி உருஷிபாரா வரைந்த மாங்காவை (ஜப்பானியப் படக்கதையை) ஹிரோஷி நாகாஹாமா இயக்கினார், ஆர்ட்லேண்ட் ஸ்டுடியோ தயாரித்தது. முஷி என்பவை செடியும் அல்ல, விலங்கும் அல்ல, உயிரின் மிகப் பழைய வடிவங்கள். பெரும்பாலானவர்கள் கண்ணுக்குத் தெரியாது. கிங்கோ என்ற வெள்ளை முடிக்காரன் அவற்றைப் பற்றி அறிந்தவன். முஷிகள் அவனை நாடி வந்துவிடுகின்றன என்பதால் எந்த ஊரிலும் நிலையாகத் தங்க முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறான். இதில் வில்லன் கிடையாது. முஷிகள் யாருக்கும் கெடுதல் நினைப்பதில்லை. அவை அவற்றின் பாட்டுக்கு வாழ்கின்றன, அந்த வாழ்வு மனிதர் வாழ்வோடு உரசும் இடத்தில் ஒருவருக்குக் கண் போகிறது, ஒருவருக்குக் காது போகிறது.

மூன்றாவது எபிசோடை மட்டும் சொல்கிறேன். பனி கொட்டிக் கிடக்கும் ஒரு மலைக் கிராமம். பனி ஓசையை விழுங்கிவிடும் அந்த அமைதியில் பலருக்கு ஒரு காது கேட்காமல் போகிறது. ஒரு சிறுவனுக்கு மட்டும் நேர்மாறாக, நெற்றியில் கொம்புகள் முளைத்து, தேவையில்லாத ஓசைகளெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. காதைக் கைகளால் இறுகப் பொத்தினால் உள்ளே ஓர் இரைச்சல் கேட்குமே, எரிமலைக் குழம்பு புரள்வது மாதிரி? இறந்துபோன அவன் அம்மா அவனுக்கு விட்டுச் சென்றது அந்த ஓசையைத்தான். முதல்முறை பார்த்தபோது இந்த எபிசோடிலிருந்து நேரே நான்காவதற்குத் தாவியிருந்தேன். இரண்டாவது முறை விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் என் காதுகளைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். அந்த ஓசை கேட்டது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். முஷிஷியில் ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் வேறு வேறு இசை வருகிறது. தோஷியோ மசூதா ஒவ்வொரு கதைக்கும் தனித்தனியாக அமைத்திருக்கிறார். கறுப்புத் திரையில் பெயர்கள் ஓட, அந்த இசை கதையைக் கொண்டுபோய் இறக்கி வைக்கிறது. அடுத்த எபிசோடுக்கான பொத்தானை அழுத்திக்கொண்டே போனவளுக்கு இந்த 26 இசைத் துண்டுகளில் ஒன்றுகூடக் கேட்டிருக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் ஓர் எளிய உண்மை உறைத்தது. இந்தத் தொடர்கள் வாரம் ஒன்றாகப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஜப்பானில் ஒளிபரப்பு ஆண்டு நான்கு பருவமாகப் பிரிகிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதுத் தொடர்கள் தொடங்கும். மூன்று மாதத்துக்கு 12 அல்லது 13 எபிசோட்கள். இந்த அளவை அங்கே ‘கூரு’ என்கிறார்கள். 26 எபிசோட் என்றால் இரண்டு கூரு, அதாவது அரை ஆண்டு. ஓர் எபிசோட் முடிந்து அடுத்தது வரும் ஏழு நாளில் பார்ப்பவர் அதை யோசிப்பார், பேசுவார், பாதியை மறப்பார் என்பதெல்லாம் எழுதுபவருக்கும் இயக்குபவருக்கும் தெரியும். அந்த ஏழு நாளும் கதையின் ஒரு பகுதி. நான் அதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்துக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் வாரம் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ‘ஃப்ரீரென்’ இதற்கு நல்ல உதாரணம். 2023 செப்டம்பர் 29 அன்று அதன் முதல் நான்கு எபிசோட்களும் ஜப்பானில் திரைப்படங்கள் ஒளிபரப்பாகும் வெள்ளிக்கிழமை நேரத்தில், இரண்டு மணி நேரச் சிறப்பு ஒளிபரப்பாக ஒன்றாக வந்தன. நானும் அந்த நான்கையும் ஒரே இருப்பில் பார்த்தேன். அதுதான் சரி என்று இப்போதும் தோன்றுகிறது. ஏனென்றால் அந்தக் கதை காலத்தைப் பற்றியது. அசுர அரசனை வென்று பத்தாண்டுப் பயணம் முடித்து நால்வர் திரும்புவதில்தான் கதை தொடங்குகிறது. மற்ற கதைகள் முடியும் இடம் அது. நீண்ட ஆயுள் கொண்ட எல்ஃப் இனத்தவளான ஃப்ரீரெனுக்குப் பத்தாண்டு என்பது கண் சிமிட்டும் நேரம். நால்வரும் விண்கல் மழை பார்க்கிறார்கள். அடுத்தது 50 ஆண்டு கழித்து, மறுபடி சேர்ந்து பார்ப்போம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். திரும்பி வரும்போது வீரன் ஹிம்மல் கிழவனாகியிருக்கிறான். அவன் இறுதிச் சடங்கில்தான், பத்தாண்டு கூட இருந்தும் இவனை அறிய முயன்றதே இல்லையே என்று அவளுக்கு அழுகை வருகிறது. ஓர் ஆயுள் இருபது நிமிடத்தில் கடந்துபோவதை இடைவெளி விடாமல் பார்த்தால்தான் அது வலிக்கும். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று என்று மெதுவாக்கினேன். அவர்கள் வடக்கே நடக்கிறார்கள், ஒவ்வோர் ஊரிலும் ஹிம்மலின் ஒரு சின்னச் செயல் ஞாபகத்துக்கு வருகிறது, அவ்வளவுதான் கதை. அதற்கு அந்த நடைவேகம் பொருந்தியது.

ஃப்ரீரெனுக்கு மூன்றாம் இடம். கெய்இச்சிரோ சைதோ இயக்கி மேட்ஹவுஸ் தயாரித்த இந்த 28 எபிசோட்களில் முதல் பாதி மட்டும் தனித் தொடராக இருந்திருந்தால் இரண்டாம் இடம் கொடுத்திருப்பேன். பின்பாதியில் வரும் முதல்நிலை மந்திரவாதித் தேர்வு நன்றாகவே எடுக்கப்பட்டிருக்கிறது, சண்டைகள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனாலும் புதிதாக அத்தனை பேர் வந்து சேர்ந்ததில், ஃப்ரீரெனும் அவளுடைய புதிய பயணத் துணைகளான ஃபெர்னும் ஸ்டார்க்கும் மூவராக நடந்த அந்த அமைதி குறைந்துபோனது எனக்கு வருத்தம். தேர்வுப் பகுதிதான் உச்சம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களோடு இதைப் பற்றி உட்கார்ந்து பேச ஆசை.

இரண்டாம் இடம் ‘மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்’. சிகா உமினோவின் மாங்கா, ஷாஃப்ட் ஸ்டுடியோ, 2016 முதல் 2018 வரை இரண்டு சீசன்களாக 44 எபிசோட்கள். ரெய் கிரியாமா 17 வயதுப் பையன். நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போதே தொழில்முறை ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) ஆட்டக்காரன் ஆனவன். குடும்பத்தை விபத்தில் இழந்து, வளர்த்த வீட்டிலிருந்தும் விலகி, தோக்கியோவில் ஆற்றங்கரை அருகே தனியாக இருக்கிறான். அகாரி, ஹினாதா, மோமோ என்ற மூன்று சகோதரிகள் அவனைத் தங்கள் வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறார்கள்.

மனச்சோர்வை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய தொடரை நான் பார்த்ததில்லை. ரெய் மூழ்கும் காட்சிகளில் வண்ணங்கள் வடிந்து, கறுப்புத் தண்ணீர் திரை முழுக்க ஏறுகிறது. அடுத்த காட்சியிலேயே அந்தச் சகோதரிகளின் வீட்டில் பூனைகள் கத்திக்கொண்டிருக்கும், எல்லாம் மஞ்சள் வெளிச்சமாக இருக்கும். தொடக்கத்தில் இந்தத் தாவல் எனக்கு உறுத்தலாக இருந்தது. நோட்டில் முதல் சீசனுக்கு ஏழுதான் போட்டிருக்கிறேன். பிறகு புரிந்தது, அந்த வீட்டுக் கதவைத் திறக்கும்போது அவனுக்கு உலகம் அப்படித்தான் மாறுகிறது. இரண்டாம் சீசனில் ஹினாதா தன் தோழிக்காகப் பள்ளியில் குரல் கொடுக்கிறாள், அதனால் அவளையே வகுப்பு ஒதுக்கி வதைக்கிறது. அழுதுகொண்டே, தான் செய்தது தவறே இல்லை என்று அவள் சொல்லும் இடத்தில் நான் நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன். பள்ளி நாட்களில் அப்படி ஒதுக்கப்பட்ட ஒரு தோழிக்காக நான் வாய் திறக்காமல் இருந்தது நினைவுக்கு வந்தது. அன்று அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

இதில் கற்றுக்கொண்ட ஒரு நடைமுறை விஷயம் உண்டு. முதல் பத்து எபிசோட்கள் ஷோகி புரியாமலே பார்த்தேன். பிறகு ஒரு மாலை உட்கார்ந்து அடிப்படை விதிகளைப் படித்தேன். 9க்கு 9 கட்டம், ஆளுக்கு 20 காய்கள். எதிரியிடமிருந்து பிடித்த காயை நம் காயாகவே மறுபடி பலகையில் இறக்கலாம். சதுரங்கத்தில் காய்கள் குறைந்துகொண்டே போகும், இங்கே எதுவும் பலகையை விட்டு நிரந்தரமாகப் போவதில்லை. இது தெரிந்த பிறகு, தோற்றுப்போன ஆட்டக்காரர்கள் இதில் ஏன் இவ்வளவு முக்கியமானவர்கள் என்பதும் கூட வேறு மாதிரி தெரிந்தது. ஒரு விளையாட்டையோ தொழிலையோ மையமாக வைத்த அனிமே பார்ப்பதாக இருந்தால், அதன் விதிகளுக்கு ஒரு மணி நேரம் செலவிடுங்கள். ஷோகி உலகத்தில் நடுநிலைப் பள்ளி வயதில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவது எவ்வளவு அரிது என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. இந்த மாங்கா 2007இல் தொடங்கியபோது நிஜத்தில் அப்படி நான்கே பேர். கதையில் ரெய் ஐந்தாமவன். நிஜத்தின் ஐந்தாமவரான சோதா ஃபுஜி 14 வயதில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனது 2016 அக்டோபரில். அனிமே ஒளிபரப்பு தொடங்கியதும் அதே மாதம்தான்.

நான்காவது ‘வின்லாண்ட் சாகா’. மகோதோ யுகிமுராவின் கதை. 2019இல் வந்த முதல் சீசன் விட் ஸ்டுடியோ, 2023இல் வந்த இரண்டாவது மாப்பா, இரண்டுக்கும் இயக்குநர் ஷூஹெய் யாபுதாதான். முதல் சீசன் முழுக்க வைக்கிங் போர்கள், அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்கத் துடிக்கும் தோர்ஃபின். இரண்டாவதில் அதே தோர்ஃபின் ஒரு பண்ணையில் அடிமை. காட்டை வெட்டுகிறான், அடிமரத்தைப் பிடுங்குகிறான், குதிரை கடன் வாங்கி உழுகிறான், கோதுமை விதைக்கிறான். முதல் சீசன் முடிந்த மறுநாளே இரண்டாவதைத் தொடங்கியது என் தவறு. வாளின் ஓசை மனதில் அடங்காமலே இருந்ததால், மண் வெட்டுவது சலிப்பாக இருந்தது. நான்கு எபிசோடோடு நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பினேன். ஒளிபரப்பானபோது பார்த்தவர்கள் மூன்று ஆண்டு காத்திருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அந்த மூன்று ஆண்டில் அவர்களுக்கும் வயது கூடியிருக்கும், தோர்ஃபினுக்குக் கூடியது மாதிரி. இடைவெளி விட்டுப் பார்த்தபோது முளைத்த கோதுமையைப் பார்த்து சக அடிமை எய்னாரும் அவனும் நிற்கும் காட்சி முதல் சீசனின் எந்தப் போரையும்விடப் பெரிதாகத் தெரிந்தது. சீசன்களுக்கு நடுவே குறைந்தது சில வாரம் விடுவது என்ற பழக்கம் எனக்கு இங்கிருந்துதான் வந்தது.

ஐந்தாவது ‘மான்ஸ்டர்’. 74 எபிசோட்கள், 2004 முதல் 2005 வரை, மேட்ஹவுஸ், இயக்கம் மசாயூகி கோஜிமா, மூலம் நவோகி உராசாவாவின் மாங்கா. ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஜப்பானிய மூளை அறுவை நிபுணர் தென்மா, மேயரை விட்டுவிட்டு முதலில் கொண்டுவரப்பட்ட சிறுவனைக் காப்பாற்றுகிறார். மருத்துவராக அது சரி. ஆண்டுகள் கழித்து, அந்தச் சிறுவன் யார் ஆனான் என்பது தெரிய வருகிறது. இதைத் தங்கையோடு பார்த்தேன். அவள் வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் இரவு ஒரே நேரத்தில் தொடங்கி, இரண்டு எபிசோட்கள் பார்த்துவிட்டு, தொலைபேசியில் பேசுவோம். 37 ஞாயிறு. அதில் வந்துபோகும் சிறு பாத்திரங்கள் அநேகம். ஒரே எபிசோடில் வந்து, தென்மாவுக்கு ஓர் இரவு இடம் கொடுத்துவிட்டுக் கதையை விட்டுப் போய்விடுகிறவர்கள். அவர்களைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் பேசினோம். நடுவில் கொஞ்சம் இழுவை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. தனியாகப் பார்த்திருந்தால் நாற்பதாவது எபிசோடுக்குள் விட்டிருப்பேன் என்று தோன்றுகிறது. நீளமான, மெதுவான தொடர் என்றால் கூடப் பார்க்க ஓர் ஆளைத் தேடிக்கொள்வது நல்லது.

ஆறாவது ‘பிங் பாங்’. மசாக்கி யுவாசா 2014இல் இயக்கிய 11 எபிசோட்கள். முதல் பார்வையில் வரைபடம் பிடிக்கவில்லை. கோடுகள் நடுங்குகின்றன, முகங்கள் கோணலாகின்றன. ஒரு எபிசோடோடு டிராப் செய்து, நோட்டில் ஐந்து போட்டேன். பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தபோது அந்தக் கோணல்தான் பந்தின் வேகம் என்று புரிந்தது. இதை மூல ஒலியில் பார்க்கும்படி வற்புறுத்திச் சொல்வேன். சீனாவிலிருந்து வரும் கோங் வெங்கே என்ற ஆட்டக்காரன் மூலத்தில் சீன மொழியில்தான் பேசுகிறான். ஊர் பழகப் பழக அவன் வாயில் ஜப்பானிய மொழி ஏறுகிறது. அவன் தனிமையும் அது கரைவதும் அந்த மொழி மாற்றத்திலேயே இருக்கிறது. சப்பா (மூல ஒலியோடு சப்டைட்டில்) டப்பா (மொழிமாற்றிய குரல்) என்ற பழைய சண்டையில் எனக்குக் கொள்கைப் பிடிப்பு ஒன்றும் இல்லை. வேலை செய்துகொண்டே பார்ப்பவர்களுக்கு டப் வசதி, படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் ஒரே தொடரில் இரண்டு மொழி புழங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஏழாவது, நான் பத்துக்குப் பத்து கொடுத்த ‘பிரதர்ஹுட்’. ஹிரோமு அரகாவாவின் கதை, போன்ஸ் ஸ்டுடியோ, 2009 முதல் 2010 வரை. பலருடைய பட்டியலில் இது முதலிடம் என்பது எனக்குத் தெரியும். எட்டு நாளில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு எபிசோடும் அடுத்ததற்கு இழுக்கும்படி முடிகிறது. வேகமாகப் பார்த்தால் சிதையாத தொடர் என்றால் இதுதான். எல்ரிக் சகோதரர்கள், அம்மாவை உயிர்ப்பிக்கப் போய் உடலை இழந்தது, ஒன்றைப் பெற இணையான இன்னொன்றைக் கொடுத்தாக வேண்டும் என்ற விதி, எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் நடுவில் யார் எந்த ஊரில் இருந்தார்கள், யார் எப்போது கட்சி மாறினார்கள் என்று கேட்டால் தடுமாறுகிறேன். தொடக்க எபிசோட்கள் அவசரமாக ஓடுவதும் ஒரு குறை. 2003இல் வந்த 51 எபிசோட் தொடர் அதே பகுதியை நிதானமாகச் சொல்லிவிட்டது என்பதால் இங்கே வேகமாகக் கடந்துவிட்டார்கள். நேரம் இருப்பவர்கள் முதலில் 2003 தொடரின் தொடக்கத்தைப் பார்த்துவிட்டு இதற்கு வரலாம்.

எட்டாவது ‘ஆட் டாக்ஸி’, 2021, 13 எபிசோட்கள். வால்ரஸ் உருவத்தில் ஒரு டாக்ஸி ஓட்டுநர், காணாமல் போன ஒரு பள்ளிப் பெண், வண்டியில் ஏறும் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு உண்மை. இதைப் பற்றி எதுவும் படிக்காமல் பார்க்க வேண்டும், ஆகையால் நிறுத்திக்கொள்கிறேன். முடித்த கையோடு முதல் எபிசோடை மறுபடி பார்த்துவிடுங்கள்.

ஒன்பதாவது ‘ஸ்டெயின்ஸ் கேட்’, 2011, 24 எபிசோட்கள். “மூணு எபிசோட் பாரு, பிடிக்கலைன்னா விட்டுடு” என்று ஒரு விதி அனிமே பார்ப்பவர்களிடம் புழங்குகிறது. அந்த விதியை நம்பி முந்தைய ஆண்டுகளில் இரண்டு முறை இதை விட்டிருக்கிறேன். பன்னிரண்டாவது எபிசோடில்தான் கதை தலைகீழாகிறது. அதுவரை வந்த அரட்டையெல்லாம் அந்த மனிதர்கள் நமக்கு நெருக்கமாக வேண்டும் என்பதற்காகத்தான் என்று பிறகே தெரிகிறது. மூன்று எபிசோட் விதியை இப்போது கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறேன். பிடித்ததா என்று கேட்பதில்லை. யாராவது ஒரு பாத்திரத்தின் பெயர் மறுநாள் நினைவிருக்கிறதா என்று கேட்கிறேன். இருந்தால் தொடர்வேன். ஒரு பெயர்கூட நிற்காத இரண்டு தொடர்களை இந்த ஆண்டு விட்டேன், வருத்தமில்லை.

நீண்ட தொடர்களை இந்த ஆண்டு தொடவில்லை. ‘நருடோ’ 220, அதன் தொடர்ச்சியான ‘ஷிப்புடென்’ 500, 1999இல் தொடங்கிய ‘ஒன் பீஸ்’ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இவற்றில் ஃபில்லர் ஏன் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் எரிச்சல் குறையும். மாங்கா வாரம் ஓர் அத்தியாயம், அனிமே வாரம் ஓர் எபிசோட். அனிமே சீக்கிரமே மாங்காவை எட்டிப் பிடித்துவிடும். நிறுத்த முடியாது, ஒளிபரப்பு நேரம் போய்விடும். அப்போது மூலத்தில் இல்லாத கதைகளைச் சேர்த்து நேரத்தை ஓட்டினார்கள். எந்த எபிசோட்கள் ஃபில்லர் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு தாண்டிச் செல்வதில் தவறே இல்லை.

இந்த வரிசைக்கு எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணை நம்பி வரிசைப்படுத்தினால் எட்டும் ஒன்பதுமாகக் குவிந்துகிடந்தது, எதை மேலே வைப்பது என்றே தெரியவில்லை. மதிப்பெண்ணைத் தூக்கி வைத்துவிட்டு, இரண்டிரண்டாக எடுத்து ஒரே கேள்வி கேட்டேன்: இன்றிரவு இந்த இரண்டில் ஒன்றிலிருந்து ஓர் எபிசோடைத்தான் மறுபடி பார்க்க முடியும் என்றால் எது? பதில் சட்டென்று வந்துவிடும். பத்துத் தொடருக்கு 45 ஜோடி உண்டு, ஆனால் அத்தனையும் கேட்கத் தேவையில்லை. புதிதாக ஒன்றை வரிசையில் நுழைக்கும்போது நடுவில் இருப்பதோடு முதலில் ஒப்பிட்டு, பிறகு மேலேயோ கீழேயோ போனால் நான்கு கேள்விக்குள் அதன் இடம் தெரிந்துவிடும்.

நோட்டையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தொடர் முடிந்த அன்று மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு வரி மட்டும், அடுத்ததைத் தொடங்கும் முன் எழுத வேண்டும். கதைச் சுருக்கம் எழுதுவதில்லை. கண்ணில் நின்ற ஒரு காட்சியோ, ஓர் ஓசையோ போதும். ஒரு வரிகூட எழுத வரவில்லை என்றால் தூக்கத்தில் பார்த்திருக்கிறேன் என்று அர்த்தம், மறுநாள் அதையே மறுபடி பார்ப்பேன். மூன்று வாரம் கழித்து அந்த வரிகளைப் படித்துவிட்டுத்தான் இடம் கொடுப்பது. அப்புறம், மற்றவர்கள் கொடுத்த மதிப்பெண்ணை முடிக்கும்வரை பார்ப்பதில்லை. ஒன்பதுக்கு மேல் வாங்கிய தொடர் என்று தெரிந்தால் என் சலிப்பையே நான் நம்ப மறுக்கிறேன், அது அந்தத் தொடருக்கும் நல்லதல்ல.

பத்தாவதாக மிச்சம் இருப்பது ‘கௌபாய் பீபாப்’. அதற்கு இடம் கொடுக்கவில்லை. வலி மாத்திரை மயக்கத்தில் மூன்று நாளில் ஓட்டியதை வைத்து, இயக்குநர் ஷினிச்சிரோ வாத்தனாபேயும் இசையமைப்பாளர் யோக்கோ கன்னோவும் 1998இல் செய்த ஒன்றைப் பத்தாவது என்று எழுத மனம் வரவில்லை. அதனால் மறுபடி தொடங்கியிருக்கிறேன், சனிக்கிழமைக்கு ஒன்று. போன வாரம் ஐந்தாவது எபிசோட். தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு கதாநாயகன் ஸ்பைக் பின்னோக்கி விழுகிறான். துப்பாக்கி ஓசையெல்லாம் அடங்கி, சிறுவர் குரல் போன்ற ஒரு பாட்டு எழுகிறது, கண்ணாடித் துண்டுகளோடு அவன் விழுந்துகொண்டே இருக்கிறான். இந்தக் காட்சியை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன் என்பதற்கு என்னிடம் நோட்டில் உள்ள தேதி ஒன்றுதான் சாட்சி. அதன் கீழே இந்த வார வரியை எழுதினேன்: “விழும்போது அவனுக்கு அவசரமே இல்லை.”